மயில் மேல் உளி படாத கிட்டார்

தேசப்பன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் உதறல்தான். சுவரில் சாமி படம் சாய்ந்திருந்தால் பேச்சைப் பாதியில் விட்டு எழுந்துபோய் நிமிர்த்திவிட்டுத்தான் காபியைத் தொடுவார். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஃபிட்டர் வேலை. திருத்தணியிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறவர். தறியில் அச்சு மயிரிழை கோணினாலும் லுங்கியின் கரை நெளிந்துவிடும் என்பதால் பையில் சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, கோணல் பார்க்கும் மூலைமட்டம் இருக்கும். கோணலைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. அந்தக் கைக்குக் கிட்டார் ஆசையும் வந்து சேர்ந்ததுதான் வம்பு.

மைத்துனன் ராஜீவ் பாட்டுக்குழு வைத்திருக்கிறான். ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் அவர்கள் கச்சேரி உண்டு. "சொந்தமா கிட்டார் கொண்டாங்க பாவா, மேடையில நிக்க வெக்கறேன்" என்று ஒருநாள் வாய்விட்டான். இளவட்ட வயதில் கற்றுக்கொண்டு, கல்யாணத்தோடு விட்டுப்போன வாசிப்பு. தேசப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. வாங்குவதாவது! தானே செய்வேன் என்று கிளம்பிவிட்டார்.

மரம் வீட்டிலேயே கிடைத்தது. மனைவி பிரபாவதிக்கு அவள் அப்பா சீராகக் கொடுத்த தேக்குக் கட்டிலின் கால்களைக் கரையான் தின்றிருந்தது. தலைமாட்டுப் பலகை மட்டும் கல்லுப்போல இருந்தது. அதன் நடுவில் தோகை மடக்கி நிற்கும் ஒரு மயில் செதுக்கியிருந்தது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்த மயிலைத் துடைக்காமல் பிரபாவதிக்கு ஒரு வெள்ளிக்கிழமையும் போனதில்லை.

"எடுத்துக்கோங்க. ஆனா எங்க நைனா குடுத்த மயிலு மேல உளி படக்கூடாது. பட்டுச்சுன்னா நான் மனுசியா இருக்கமாட்டேன்."

"ஆங், படாது" என்றார் தேசப்பன். மயிலை நடுவில் விட்டு, சுற்றி அறுத்து, கிட்டாரின் உடம்பை உருவாக்கினார். கழுத்தையும் கம்பிகளையும் மின்சாரச் சமாசாரங்களையும் சென்னையில் வாங்கினார். கடைசியில் மிஞ்சியது பிரிட்ஜ், அதாவது கம்பிகளை உடம்போடு பிடித்து நிறுத்தும் இரும்பு.

கடைக்காரர் இரண்டு வகையை எடுத்துப் போட்டார். ஒன்று அசையாதது. ஒரு தகடு, அதன் மேல் கம்பிகளைத் தாங்க, கம்பிக்கு ஒன்றாக, முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஆறு குட்டிக் குதிரைகள். சில திருகாணிகளை முடுக்கினால் வேலை தீர்ந்தது. மற்றது ஆடுவது. அடியில் ஸ்பிரிங், பக்கத்தில் ஒரு கைப்பிடி. பிடியை அழுத்தினால் சுரம் அப்படியே குழைந்து இறங்கும். தேசப்பன் அதை அழுத்திப் பார்த்துச் சொக்கிப்போனார். ஆனால் அதைப் பொருத்தப் பலகையை முதுகு வரை குடைய வேண்டும். குடைந்தால் மயிலுக்கு வயிறு இருக்காது. பெருமூச்சு விட்டு அசையாததை எடுத்தார். கல்லா வரை போனவர், மனசு கேட்காமல் திரும்பி வந்து ஆடுவதையும் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அசையாததைப் பிரித்ததும் முகம் சுருங்கியது. ஆறு குதிரைகளும் ஒரே வரிசையில் இல்லை. ஒன்று முன்னே, ஒன்று பின்னே.

"இன்னாங்க இது, மலைப் படிக்கட்டு மாதிரி கீது?" என்றாள் பிரபாவதி.

"கம்பெனிக்காரன் தூங்கிகினே முடுக்கியிருக்கான்" என்று சொல்லி மூலைமட்டத்தை எடுத்தார். ஆறையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

கம்பி மாட்டிச் சுருதி சேர்த்தார். விரல் வைக்காமல் மீட்டியபோது வெறும் கம்பிகள் மணிமணியாகப் பேசின. விரல் கழுத்தில் மேலே ஏற ஏறத்தான் குட்டு வெளிப்பட்டது. தடித்த கம்பிகள் சுருதியைத் தாண்டிக் கத்தின. கம்பியை மாற்றினார், கழுத்தைக் கழற்றி மாட்டினார், கடைக்காரரின் பரம்பரையையே திட்டினார். ஒன்றும் சரிவரவில்லை. ஊருக்குள் காவடிகள் வரத் தொடங்கிவிட்டன. ராஜீவ் தினமும் போன் போட்டு, "இன்னா பாவா, கட்டிலு பாடுதா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். மேடையைவிட அந்தச் சிரிப்புதான் தேசப்பனுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு முடிவுக்கு வந்தார். குற்றம் பிரிட்ஜில்தான். அதைக் கழற்றிவிட்டு ஆடுவதைப் போட்டால் சரியாகிவிடும். மயில் வயிற்றில் பென்சிலால் சதுரம் போட்டு, உளியைக் கையில் எடுத்தார். அதற்குள் பிரபாவதி வந்துவிட்டாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நான் உங்களுக்குச் சொல்லித்தானே குடுத்தேன்" என்றாள். கண் கலங்கிவிட்டது.

தேசப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல், "வேற வழி இல்ல புள்ள. அந்தப் பிரிட்ஜு மட்டமான சரக்கு" என்று சொல்லி, ஆடுவதன் பெட்டியைப் பிரித்தார். பிரபாவதி எட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் குனிந்து பார்த்தாள்.

"இதுவும் அதே மாதிரி கோணிகினு கீது பாருங்க."

"இவனும் தூங்கியிருப்பான்."

"இன்னாங்க, ரெண்டு கம்பெனிக்காரனும் ஒரே மாதிரியா தூங்குவான்? அதே குதிரைங்க முன்ன, அதே குதிரைங்க பின்ன. மொதல்ல வந்ததும் கோணலாத்தானே இருந்துச்சு? நேராக்குனது நீங்கதானே?"

தேசப்பன் உளியைக் கீழே வைத்தார். ஸ்குரூ டிரைவரை எடுத்து, தடித்த கம்பியின் குதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, சுருதி சேர்த்து, கம்பியின் சரிபாதியில் அழுத்தி மீட்டினார். வெறும் கம்பியின் அதே சுரம், மேல் ஸ்தாயியில் சுத்தமாக வந்தது. அடுத்ததையும் தள்ளினார். கம்பியின் கனத்துக்குத் தக்க நீளம் கிடைத்து ஆறும் மறுபடி ஏறுமாறாக நின்றபோது கழுத்தின் கடைசி வரை வாசித்தார். ஒரு இடத்திலும் பிசிறு இல்லை.

"சரியா கீதா?" என்றாள்.

"ஆங்" என்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. பென்சில் சதுரத்தை எச்சில் தொட்டு அழிக்கப் போனவரின் கையைத் தட்டிவிட்டு, அவளே ஈரத்துணி கொண்டுவந்து மயிலைத் துடைத்தாள். மூலைமட்டத்தை அவர் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"கிருத்திகை முடியற வரைக்கும் இத எங்கனா ஒளிச்சு வெச்சுடு. என் கைய நம்ப முடியாது."

கிருத்திகையன்று அடிவாரத்தில் அரோகரா சத்தத்துக்கு நடுவே மேடை ஏறினார் தேசப்பன். ராஜீவ் கிட்டாரைத் தடவிப் பார்த்தான். அக்கா வீட்டு மயிலை அடையாளம் கண்டு, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு அவன் பார்வை பிரிட்ஜுக்குப் போனது.

"அய்ய, ஆறும் கோணலா கீதே பாவா! உங்க கையில போயா?" என்று விரலை நீட்டினான்.

தேசப்பன் அந்த விரலைப் பட்டென்று தட்டிவிட்டார்.

"கை வெக்காதடா. ஏன்னு கேக்கணும்னா, தோ முன்னாடி குந்திகினு கீறாங்களே உங்க அக்கா, அவங்களப் போய்க் கேளு."