திருப்பிப் போட்ட தண்டவாளம்

எங்கள் மேஸ்திரி எப்ராயிம் டாஃப்டைத் தண்டவாளத்துக்குக் குண்டி கழுவுகிறவர் என்று பக்கத்துப் பாதையைப் பார்த்துக்கொள்ளும் ரயில்வே கேங் ஆட்கள் கேலி செய்வார்கள். நான் அவருடைய மச்சினன். அவர் கேங்கிலேயே சுத்தியல் பிடித்தவன். அந்தக் கேலி பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

அப்போதெல்லாம் தண்டவாளத்துக்கு மேலும் கீழும் ஒரே மாதிரித் தலை. சிலீப்பர் கட்டையின் மேல் நாற்காலி என்று நாங்கள் சொல்லும் இரும்புத் தாங்கி, நாற்காலிக்குள் தண்டவாளம், அது அசையாமலிருக்கப் பக்கத்தில் ஒரு ஓக் மர ஆப்பு. மேல்தலை தேய்ந்ததும் ஆப்பைத் தட்டி எடுத்துப் புரட்டிப் போட்டால், அடித்தலை புத்தம்புதிதாக இன்னொரு ஆயுசு ஓடும். பெரிய எஞ்சினியரிலிருந்து கடைசிக் கூலி வரை எல்லோரும் இதை நம்பினோம். மச்சான் மட்டும் நம்பியதோடு நிற்கவில்லை. வருஷா வருஷம் வசந்தம் வந்ததும் தன் இரண்டு மைல் பாதையிலும் மண்டியிட்டு நகர்ந்து, அடித்தலையில் ஒட்டிய சேற்றையும் துருவையும் துணியால் துடைத்துவிடுவார். பதினெட்டு வருஷம் துடைத்தார். யாராவது அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் தொலைந்தோம், கத்தித் தீர்த்துவிடுவார்.

"டேய் சைலஸ், அது நாளைக்குப் போட்டுக்கப் போற சட்டைடா. இன்னைக்கே கிழிக்காத" என்பார்.

அவர் மனைவி தாமார் என் அக்கா. கால்வாய்க் கரையில் கம்பெனி கொடுத்த வீடு. மழைக்காலத்தில் தரைக்கல் இடுக்கெல்லாம் தண்ணீர் கசியும். அந்த ஈரத்தில் அக்காவின் கைவிரல் முட்டியெல்லாம் வீங்கிப்போய், கிறிஸ்துமஸ் வந்தால் ரொட்டி மாவு பிசைய முடியாது. மச்சானுக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. ஆனால் வேறு வீட்டுக்கு எங்கே போவது?

அந்த மார்ச்சில் எஞ்சினியர் பெல்லாமி வந்தார்.

"டாஃப்ட், மே மாசம் உன் ரெண்டு மைலத்தான் முதல்ல திருப்பப் போறோம். நல்லபடியா ஓடுச்சுன்னா இந்தக் கிளைப் பாதைக்கே நீதான் இன்ஸ்பெக்டர்."

இன்ஸ்பெக்டருக்கு ஜங்ஷன் மேட்டில் தனி வீடு. மரத்தரை, இரண்டு அடுப்பு. ஒரு ஞாயிறு மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியும் நடந்தே போய் அதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தார்கள். ஜன்னல் கட்டையில் கைவைத்துப் பார்த்தாளாம் அக்கா. "காஞ்சு கெடக்குடா" என்று என்னிடம் நாலு தடவை சொன்னாள்.

மே மாதம், வண்டி ஓடாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து இறங்கினோம். ஜெபத்துக்குப் போகாமல் மச்சான் வேலைக்கு வந்த முதல் ஞாயிறு அதுதான். ஆப்புகளைத் தட்டி, நான்கு தண்டவாளங்களைத் தூக்கிப் புரட்டினோம். அவர் வழக்கம்போலக் குனிந்து கையால் தடவிக்கொண்டே போனார். சட்டென்று நின்றார். மறுபடி தடவினார்.

மூன்று மூன்று அடிக்கு ஒரு பள்ளம். கட்டைவிரலை வைத்தால் பதிகிறது. மேலே வண்டி அடித்த ஒவ்வொரு அடிக்கும் கீழே நாற்காலி இரும்பைத் தின்றிருக்கிறது. நாற்காலிக்கும் நாற்காலிக்கும் நடுவே அவர் துடைத்த இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. தண்டவாளம் உட்கார்ந்திருந்த இடத்துக்குள் மட்டும் யார் கையும் போனதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மச்சான், நாளைக்குப் பாதையைப் பார்க்க வர்ற எஞ்சினியர் வண்டி ஆமை மாதிரிதான் வரும். ஒண்ணும் தெரியாது. மிச்சத்தையும் புரட்டிடுவோம். பின்னாடி எக்ஸ்பிரஸ் வந்து இந்தப் பள்ளத்துல தூக்கிப் போடறப்போ நீங்க அந்த வீட்டுல குடியிருப்பீங்க."

அவர் ஜல்லி மேல் உட்கார்ந்து வெகுநேரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஆசை இல்லாமல் இல்லை; முகத்திலேயே தெரிந்தது.

"எக்ஸ்பிரஸ்ல ஆளுங்க இருப்பாங்கல்ல" என்றார் கடைசியில்.

மூன்றைப் பழையபடி போட்டோம். ஒன்றை மட்டும் பள்ளம் மேலே தெரிய விட்டுவைத்தார். திங்கட்கிழமை காலை அதற்கு முன்னால் சிவப்புக் கொடியோடு நின்று எஞ்சினியரின் வண்டியை நிறுத்தினார்.

பெல்லாமி நல்ல கால்சட்டையோடு மண்டியிட்டு ஒவ்வொரு பள்ளமாக விரல் விட்டுப் பார்த்தார். அடித்தலை நன்றாக இருக்கும் என்று கம்பெனி டைரக்டர்களுக்கு ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார் மனுஷன்.

"பதினெட்டு வருஷமா நீதானய்யா சொன்ன, அடி புதுசா இருக்குன்னு?"

"ஆமாங்க ஐயா, நாந்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

இன்ஸ்பெக்டர் வேலை வேறொருவனுக்குப் போனது. அடுத்து வாங்கிய தண்டவாளங்களுக்கு மேல்தலை பெரிது, அடித்தலை சிறிது. திருப்பும் பேச்சே கிடையாது. அதில் மச்சான் பெயரை யாரும் சொல்லவில்லை.

அக்காவிடம் சொல்லும்போது நானும் கூட இருந்தேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு அந்த வீடு வேணும்னுதான்யா இருந்துச்சு. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார்.

கேங்கில் இருந்த நாங்கள் ஏழு பேரும் கலந்து பேசிக்கொண்டோம். அந்த இலையுதிர் காலத்தில் பாதையிலிருந்து கழற்றிய சிலீப்பர் கட்டைகளைக் கம்பெனி விறகுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னது. உளுத்துப்போகாதவற்றைப் பொறுக்கி, அறுத்து, கால்வாய் வீட்டுத் தரைக்கல்லின் மேல் ஜல்லி கொட்டி, ரயில் பாதைக்கு மட்டம் பார்ப்பது போலவே மட்டம் பார்த்து அடுக்கினோம். மேலே பலகை அறைந்தோம். கட்டையில் ஊறியிருந்த தாரால் ஒரு மாதத்துக்கு வீட்டில் எல்லாமே தார் நாறியது. ரொட்டிகூடத் தார் வாசம்தான் என்று அக்கா எங்களைத் திட்டித் தீர்த்தாள்.

ஜனவரியில் கால்வாய் உறைந்து கிடந்த ஒரு காலை, மச்சானை வேலைக்குக் கூப்பிடப் போனேன். அக்கா அந்தப் பலகைத் தரையில் வெறுங்காலோடு மேசைக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். அவர் ஒரு பூட்சை மாட்டி, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் காதில் விழவில்லை.