இன்ஸ்பெக்டர் மேடம் வேறொரு அழைப்பில் இருக்கிறார்

‘நீங்கள் தொடர்புகொள்ளும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்’ என்று ஒரு பெண் குரல் சொல்லுமே, அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பயம். தோழி ஒருத்தி அவள் அம்மாவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள், விஷயம் அவ்வளவுதான் இருக்கும். ஆனாலும் திரும்பத் திரும்பப் போட்டு, அவள் எடுத்து எரிந்து விழுகிறவரை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பயம் மட்டும் பிறவியில் வந்ததல்ல. ஒரு நாள் காலையில் இன்ஸ்பெக்டர் மேடத்தின் எண்ணில் அந்தக் குரலையே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தபோது வந்தது.

அவர் சைபர் குற்றப் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். போனில் ஏமாற்றுகிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், கேட்கிறவர்கள் ஏன் நம்புகிறார்கள் என்பது என் ஆராய்ச்சி. அப்போது ஊரையே ஆட்டிவைத்தது ‘டிஜிட்டல் அரெஸ்ட்’. போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோவில் வருவான். உன்மேல் வழக்கு இருக்கிறது, அறையை விட்டு வெளியே வராதே, யாரிடமும் மூச்சு விடாதே என்று மணிக்கணக்கில் மிரட்டுவான். கடைசியில் வங்கியில் உள்ளதையெல்லாம் ‘சரிபார்க்க’ அனுப்பச் சொல்வான். அவனைப் பிடிப்பது அவர் வேலை. அவன் பேச்சைப் புரிந்துகொள்வது என் வேலை. இரண்டும் ஒன்றுதானே என்று நான் நினைத்தேன். இல்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. பதிவு செய்த அழைப்புகளைத் தரச் சொல்லிக் கேட்டேன். அதெல்லாம் சாட்சியம், தூக்கிக் கொடுக்க முடியாது என்றார். மேலிடத்து அனுமதிக்கு நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் ஒரு புத்தகம் ஆகும். கடைசியில் அனுமதி வாங்கி, கேட்டு, அலசி, வண்ண வண்ணமாக வரைபடங்கள் போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “நல்லாத்தான் கீது புரபசர். இத்த வச்சிகினு நான் யாரப் புடிக்கிறது?” என்றார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. அவரே டீ வரவழைத்துக் கொடுத்தார்.

எங்களை ஒட்டவைத்தது ஒரே ஒரு கேள்வி. புகார் கொடுக்க வருகிறவர்களிடம் யார் கூப்பிட்டார்கள், எங்கே பணம் போனது என்று கேட்பார்கள். ‘அந்த அழைப்பிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள்?’ என்று யாரும் கேட்பதில்லை. அதையும் சேர்த்துக் கேளுங்கள் மேடம் என்று கெஞ்சினேன். வழக்குக்கு அது எதற்கும் உதவாது, இருக்கிற பேஜாரு போதாதா என்று முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே, வருகிறவர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். எனக்காகத்தான் கேட்டார், அது எனக்குத் தெரியும். வந்த பதில்கள் எங்கள் இருவரையுமே அசரவைத்துவிட்டன. ‘இது மோசடி’ என்று யாரோ சொன்னதால் வெளியே வந்தவர்கள் அநேகமாக யாருமே இல்லை. ஒருவருக்குப் பால் பொங்கிவிட்டது. ஒருவருக்கு கேஸ்காரர் சிலிண்டரோடு வந்து நின்றார். இன்னொருவர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் நேரமாயிற்றே என்று பதறிப் போனை வைத்தார். எப்போதும் செய்கிற ஒரு வேலை கையைப் பிடித்து இழுத்தபோதுதான் அவர்களால் எழுந்திருக்க முடிந்தது. “பயத்துகிட்ட நியாயம் பேசாத புரபசர், அதுக்கு எதுனா வேல குடு” என்பார் மேடம்.

அதை நாங்கள் கற்றுக்கொள்வதற்கு முன்பே எர்ணாவூரில் ஒரு தப்பு நடந்துவிட்டது. குடியிருப்பில் ஒரு பெண் அறைக்குள் இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தகவல் வந்து, மேடம் சீருடையோடு போய்க் கதவைத் தட்டினார். ‘போலிப் போலீஸ் வரும், திறந்தால் உன் குடும்பமே உள்ளே போகும்’ என்று போனில் இருந்தவன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். தட்டத் தட்ட அந்தப் பெண் குளியலறைக்குள் போய்ச் சுருண்டுகொண்டாள். கதவை உடைத்துத்தான் தூக்கிவர வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் காக்கியைக் கண்டதும் அவள் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டதை மேடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

பிறகு ஓய்வு பெற்று, திருவொற்றியூரில் கடலையொட்டிய ஒரு தெருவில் இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலை. கரை தொட்டால்தான் பேசுவான். மேடம் சும்மா இருக்கிற ஆளா? தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் ஹோஸைப் பிடிப்பது அவர்தான். அவர் கையில் ஹோஸ் இருந்தால் ஒரு குடம் வரிசை தாண்டாது. அவர் இல்லாத நாளில் அடிதடி. விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கும் என்னோடு வந்துகொண்டிருந்தார்.

நான் சொன்ன அந்தக் காலையிலும் எங்களுக்குக் கூட்டம் இருந்தது. மேடம் எப்போதும் எனக்கு முன்னால் வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பவர். அன்று காணோம். போன் போட்டேன், வேறொரு அழைப்பில் இருக்கிறார். கொஞ்சம் கழித்துப் போட்டேன், அதே குரல். மறுபடியும் அதே குரல். கூட்டத்தை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம், இருக்காது, அவராவது மாட்டுவதாவது, எனக்குத்தான் கிறுக்கு என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

ஜன்னல் திரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. எட்டிப் பார்த்தேன். நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மேடம் நின்றிருந்தார். உட்காரவில்லை. குதிகால்களைச் சேர்த்து, கைகளை உடம்போடு ஒட்டி, மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல விறைப்பாக நின்றிருந்தார். எதிரே டிவி மேஜையில் போன் சாத்திவைக்கப்பட்டிருந்தது. “எஸ் சார்” என்றார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். எர்ணாவூர் ஞாபகம் வந்தது, கையை இறக்கிக்கொண்டேன். தட்டாமல் நின்றால் எல்லாம் போகும், தட்டினால் அவரே போய்விடுவாரோ என்று இருந்தது. அவருக்கு ரத்தக்கொதிப்பு வேறு.

பக்கத்து வீட்டில் மீன் விற்கிற அக்கா ஒருவர் இருந்தார். ஓடிப்போய் அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். பாதி புரிந்ததோ இல்லையோ, என் முகத்தைப் பார்த்தே கூடையை வைத்துவிட்டு எழுந்தார். அன்று லாரி வருகிற நாளே இல்லை. ஆனாலும், லாரி வந்ததாகக் கத்த முடியுமா என்று கேட்டேன். அந்த அக்காவுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? இரண்டு பிளாஸ்டிக் குடங்களை மோதவிட்டுக்கொண்டு மேடத்தின் வாசலில் போய் நின்று குரல் விட்டார்.

“மேடம்மா! லாரி வந்துகினு கீது. ஹோஸப் புடிக்க ஆளில்லாம அட்ச்சிக்கினு சாவுதுங்க. உன் கொடம் எங்க?”

கதவு திறக்கவில்லை. அக்கா இன்னொரு தரம் கத்தினார். அடுத்த வீட்டுக்காரி நிஜமாகவே குடத்தோடு ஓடிவந்துவிட்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஒரு கையில் குடம், இன்னொரு கையில் போனோடு மேடம் வாசலில் வந்து நின்றார். போனுக்குள்ளிருந்து ஒருவன் இந்தியில் அதட்டிக்கொண்டே இருந்தான். அக்கா அதை வாங்கி, அவன் பரம்பரை முழுவதையும் விசாரித்துவிட்டு அணைத்தார்.

மேடம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். லாரி இல்லை. என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். பணம் எதுவும் போகவில்லை, அதற்குள் வந்துவிட்டோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இவ்வளவு தெரிந்த நீங்களே எப்படி மேடம் என்று அழுதுவிட்டேன். எனக்குக் கோபமும்கூட. அவர் அழவில்லை.

“அவன் வாயத் தொறந்தப்பவே பொய்யினு தெர்யும்மா,” என்றார். “அடுத்து இன்னா சொல்லுவான்னு எனக்கு மனப்பாடம். நீயும் நானும் எழுதுனதுதான? ஆனா, உன் புள்ளயக் கப்பல்ல வச்சே புடிச்சிட்டோம்னான். எம்புள்ள பேசி எத்தினி நாளாச்சி. நூத்துல ஒண்ணு நெசமா இருந்துட்டா?”

எங்கள் வரைபடங்களிலும் பட்டியல்களிலும் அந்த நூற்றில் ஒன்றுக்கு நாங்கள் இடமே வைக்கவில்லை. கப்பல் நிறுவனத்து அலுவலகத்துக்குப் போன் போட்டோம். கப்பல் நடுக்கடலில் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, யாரையும் யாரும் பிடிக்கவில்லை என்றார்கள். அதைக் கேட்ட பிறகும் மேடம் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. சில நாள் கழித்து மகனே பேசிய பிறகுதான் கீழே வைத்தார். இதைப் பற்றி அவனிடம் மூச்சுவிடவில்லை.

புகார் கொடுக்க அவருடைய பழைய அலுவலகத்துக்கே போனோம். அவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். உட்காருங்கப்பா என்று சொல்லிவிட்டு, புகார் தருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். திரும்பி வரும்போது, என் ஆராய்ச்சியில் இதைச் சேர்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

“போடு. பேரு வேணாம்,” என்றார். “ஆனா தெரியாம மாட்டிக்கினாங்கன்னு மட்டும் எழுதிடாத. தெரிஞ்சேதான் நின்னேன்.”

எழுதினேன். ஏமாந்தவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள் என்று கூட்டங்களில் நான் இப்போது பேசுவதில்லை. தெரிந்தே நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லும்போது சபையில் எங்கேயாவது ஒருவர் சட்டென்று தலையைக் குனிந்துகொள்கிறார். கூட்டம் முடிந்ததும் முதலில் அவர் பக்கத்தில் போய்த்தான் உட்காருகிறேன்.