சுத்துக்கேணிக்குப் போகாத இரண்டு மாதம்

1

டாக்டர் ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார்.

வில்லியனூர் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் நான் ஃபீல்டு அசிஸ்டென்ட். ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. ஸ்டெல்லா மேடம் எங்கள் டாக்டர். வயது முப்பத்து நாலு.

"அண்ணே, இளம் கால்நடை மருத்துவர் ஆராய்ச்சி விருதுக்கு நம்ம வேலை கடைசி ரவுண்டுக்குப் போயிடுச்சு. ஃபீல்டு ரிஜிஸ்டரை எல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பணுமாம். எடுத்து வைங்க."

'நம்ம வேலை' என்றார். அதுதான் குத்தியது. அந்த ரிஜிஸ்டரில் இரண்டு மாதம் நான் பொய் எழுதியிருந்தேன்.

2

மேடம் செய்த ஆராய்ச்சி மடிநோய் பற்றியது. மடி வீங்கி, பால் திரிந்து வருவது எல்லோருக்கும் தெரிந்த மடிநோய். இன்னொன்று மறைவாக இருக்கும். பால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கறவை குறைந்துகொண்டே போகும். அதைக் கண்டுபிடிக்க சி.எம்.டி. டெஸ்ட் இருக்கிறது. நாலு குழி உள்ள தட்டில் நாலு காம்புப் பாலையும் பீய்ச்சி, மருந்து ஊற்றிச் சுழற்ற வேண்டும். நோய் இருந்தால் பால் கஞ்சி மாதிரி கெட்டியாகும். எவ்வளவு கெட்டி என்பதைப் பார்த்து கிரேடு போடுவோம்; கெட்டி கூடினால் கிரேடும் கூடும்.

கறந்து முடித்ததும் காம்புத் துளை உடனே மூடாது. அந்த நேரத்தில் மாடு சாணி ஈரத்தில் படுத்தால் கிருமி உள்ளே போகும். தீவனத்தைக் கறந்த பிறகு வைத்தால் மாடு தின்றபடி நின்றுகொண்டிருக்கும். கால்நடைப் படிப்பில் இதைச் சொல்லித்தான் தருகிறார்கள். நம் வீடுகளில் இது எடுபடுமா என்று பார்க்க மேடம் மூன்று ஊர் எடுத்தார். கரிக்கலாம்பாக்கம், பாகூர், சுத்துக்கேணி. கறந்த பிறகு தீவனம் வைக்கச் சொல்லிவிட்டு, மாதம் ஒருமுறை டெஸ்ட். சுத்துக்கேணி என் பொறுப்பு.

முதல் மாதம் ஒழுங்காகப் போனேன். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. முட்டி வலி வேறு. மற்ற இரண்டு ஊரிலும் கிரேடு குறைந்துகொண்டு வந்தது. இங்கேயும் குறையத்தானே போகிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே குறைத்து எழுதிவிட்டேன். அடுத்த மாதமும் அப்படியே.

3

கதவைச் சாத்திவிட்டு மேடத்திடம் சொன்னேன். அவர் ரிஜிஸ்டரில் அந்த இரண்டு மாதப் பக்கங்களைப் புரட்டினார்.

"மழையில போக முடியலன்னு எழுதியிருந்தா நான் இன்னா சொல்லியிருப்பேன்?"

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டீங்க மேடம்."

"அப்பறம் ஏண்ணே?"

"அந்த ஊரை மட்டும் எடுத்துட்டு அனுப்பிடலாமா?" என்று கேட்டேன்.

"மூணு ஊருன்னு சொல்லித்தான் கடைசி ரவுண்டு வரைக்கும் வந்திருக்கோம். இப்ப ஒண்ணை ஒளிச்சா, நீங்க செஞ்சதைத்தான் நானும் செய்யறேன்."

அன்று மதியமே காரணத்தை எழுதி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். முப்பத்தஞ்சு தாண்டினால் அந்த விருதுக்கு விண்ணப்பிக்க முடியாது. அவருக்கு அடுத்த வருஷம் ஒன்றுதான் பாக்கி. நான் செய்ததை என் கையாலேயே எழுதி மேலதிகாரிக்கு அனுப்பச் சொன்னார். எழுதினேன். மெமோ வந்தது, சர்வீஸ் ரிஜிஸ்டரிலும் ஏறியது. அதற்கப்புறம் என்னை வேலையிலிருந்து ஒதுக்கிவிடுவார் என்று நினைத்தேன்.

"திங்கக்கிழமை சுத்துக்கேணியை முதல்லேருந்து ஆரம்பிக்கிறோம். முட்டிக்கு பெல்ட் போட்டுக்கினு வாங்க" என்றார்.

4

இந்த முறை அவரும் வந்தார். வழக்கம்போல் பதினொரு மணிவாக்கில் போய் டெஸ்ட் எடுத்தோம். இரண்டாவது மாதமும் கிரேடு குறையவில்லை. முதல் மாதம் இருந்த அளவே இருந்தது. என்னால் ஒரு வருஷம் போச்சு, இப்போது ஆராய்ச்சியே படுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

மூன்றாவது மாதம் மேடத்துக்குப் பகலில் வேறு வேலை இருந்ததால் விடியற்காலையில் போனோம். சரோஜா என்ற அம்மா வீட்டில் மாட்டைக் காணோம். சற்று நேரத்தில் தெருமுனையிலிருந்து மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"எங்கம்மா போயிட்டு வர்றீங்க?" மேடம் கேட்டார்.

"பால் சொசைட்டிக்குத்தான். அங்கதான கறவைக்காரர் இருக்காரு. கறந்துட்டு வூடு வந்து சேர அரை மணி நேரம் ஆவுது."

"எல்லாருமே அங்க ஓட்டிக்கினு போய்த்தான் கறக்கறீங்களா?"

"இந்த ஊருல நீங்க பாக்கற மாடு எல்லாமே அப்பிடித்தான்."

"அப்ப கறந்த உடனே உங்க மாடு படுக்கறதே இல்லியா?"

"நடந்துக்கினே எப்பிடிம்மா படுக்கும்?"

மேடம் அங்கேயே வாசலில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் புரட்டினார். மற்ற இரண்டு ஊரைவிட சுத்துக்கேணியில் முதல் மாதத்திலேயே நோய் குறைவு. நான் நேர்மையாக எடுத்த அந்த ஒரே மாதத்திலும் அப்படித்தான் இருந்தது. தீவனம் வைத்துக் குறைக்க அங்கே ஒன்றும் இல்லை. நாங்கள் சொல்லித்தருவதற்கு முன்பே அந்த மாடுகள் நின்றுகொண்டுதான் இருந்தன. மற்ற இரண்டு ஊரில் மாடு நின்றதால்தான் நோய் குறைந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. என் பொய்க் கிரேடு இதைத்தான் மூடி வைத்திருந்தது.

5

அடுத்த வருஷம் மேடம் மறுபடி விண்ணப்பித்தார். நேர்காணலில் முதல் கேள்வியே, போன வருஷம் ஏன் வாபஸ் வாங்கினீர்கள் என்பதுதானாம். நடந்ததைச் சொல்லியிருக்கிறார். சாயந்திரம் போன் வந்தது.

"அண்ணே, கிடைச்சிடுச்சு."

"அழுவறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஊர் திரும்பியதும் சான்றிதழை எடுத்துக்கொண்டு இருவரும் சுத்துக்கேணி போனோம். சரோஜாம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க மாடு நடந்ததுக்கா இத்தக் குடுத்தாங்க?" என்றார். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பால் சொசைட்டி இல்லாத ஊர்களில் தீவன முறையைச் சொல்லிக்கொடுக்கக் கூட்டம் போட்டோம். இன்றைக்கும் பல வீடுகளில் கறந்த பிறகுதான் தீவனம் வைக்கிறார்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். போக முடியாத நாளில் 'போகவில்லை' என்று எழுதுங்கள். திட்டு விழுந்தால் அன்றோடு போய்விடும். நான் சோம்பேறித்தனத்தால் மட்டும் பொய் எழுதவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் எழுதினேன். அப்போது எனக்கு சர்வீஸ் முப்பது வருஷத்துக்கு மேல். அந்த மாடுகள் தினமும் எங்கே போய் வருகின்றன என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.