எதிர்க்கரைக்காகக் கேட்டவர்

ஹனீபா நானா மௌத்தான செய்தி வெள்ளிக்கிழமை பகலில் வந்தது. அவருடைய மகன்தான் தொலைபேசியில் சொன்னான். "அசர் தொழுகைக்குப் பொறகு அடக்கம், மாமா. ஏலுமான கெதியா வாங்க." பிலிமத்தலாவையில் பஸ் ஏறி, பேராதனை நெரிசலில் மாட்டி, கண்டியில் முச்சக்கரவண்டி பிடித்து மையவாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆட்கள் கை மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. புதுமண்ணின் முன்னால் சற்று நேரம் நின்றேன். கூட நின்று பேச எங்கள் காரியாலயத்து ஆட்கள் ஒருவரும் இல்லை.

அந்தக் காரியாலயத்தில் அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கண்டியில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்த சிறிய நிதியம் அது. ஓடைக்கரைகளில் மரமும் புதரும் நடப் பணம் கொடுத்தோம். கரையில் வேர் பிடித்தால் மண்ணும் உரமும் தண்ணீரில் கலக்காது. கீழே இருப்பவர்கள் நல்ல தண்ணீர் குடிப்பார்கள். நானாவும் நானும் வெளிக்கள உத்தியோகத்தர்கள். ஹேவாஹெட்டப் பக்கம் மழை என்றால் காலையிலேயே தொலைபேசி எடுப்பார். "மழ பெஞ்சீக்கி. ஓடயப் பாக்கப் போவமா?" வெயிலில் ஓடையைப் பார்ப்பது வெட்டி வேலை என்பது அவர் கட்சி.

அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஓடையின் இரு கரையிலும் தண்ணீர் விளிம்புவரை தொழிலாளர்கள் லீக்ஸ், போஞ்சி என்று மரக்கறி போட்டிருந்தார்கள். கூட்டம் வைத்தோம். செல்வம்மா என்ற தொழிலாளி எழுந்தார். "மரத்த நட்டுட்டு போட்டோ புடிச்சிக்கிட்டு போயிருவீங்க. பாத்தி போனா எங்களுக்குக் கறிக்கு எவரு தாறது? துணி தொவைக்கிற கல்லுக்கு எந்தப் பக்கமா போறது?" நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். நானா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அவங்க சரியாத்தான் கேக்குறாங்க. கன்டு ஒரு செலவா? நெலத்த வுடுறாங்களே, அதுதான் செலவு."

நிதியத்தின் குழுவோ கன்றுகளுக்கு மட்டும்தான் பணம் என்றது. பாத்தி இழப்புக்கும் கல்லுக்குப் போகும் வழிக்கும் சேர்த்துத் தராவிட்டால் ஒரு கன்றும் நடமாட்டேன் என்று நானா நின்றுவிட்டார். தொடக்க விழாவுக்கென்று எழுதிய பெயர்ப்பலகை கதவுக்குப் பின்னால் சாத்திக் கிடந்தது. அந்த மாதங்களில் தேநீர் நேரத்தில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் என்னைத் தவிர யாரும் உட்காரவில்லை. பிடிவாதக்காரன் என்றார்கள். பிடிவாதக்காரர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. கடைசியில் குழு பாதி இறங்கி வந்தது. ஒரு கரைக்கு மட்டும், செல்வம்மாவின் பாத்தி இருந்த கரைக்கு, எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தது.

மருதும் மூங்கிலும், ஆடு வாய் வைக்காத ஆடாதோடையும் நட்டோம். துவைக்கும் கல்லுக்கு வழி விட்டோம். கரை பிடித்துக்கொண்டது. ஆனால் மழை வெள்ளம் அந்தக் கரையில் மோதி எதிர்க்கரையை அறுக்கத் தொடங்கியது. ஓடை பழையபடி செம்மண்ணாகவே ஓடியது. பணம் வீண் என்றது குழு.

"ஓடைக்கு ரெண்டு கர தானே. ஒன்டுக்குத் தந்துட்டு, தண்ணி தெளியல்லன்டு செல்லுறாங்க" என்று நானா சிரித்தார்.

பிறகு நிதியம் மூடப்பட்டது. ஆளுக்கொரு பக்கமாகப் போனோம். நானா மட்டும் எதிர்க்கரைக்குப் பணம் கேட்டுக் காரியாலயம் காரியாலயமாக ஏறி இறங்கினார். துணைக்கு நான் போவேன். எங்கும் கிடைக்கவில்லை. கேட்பதை அவரும் விடவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு, போன வாரம்தான் நல்ல மழை. காலையில் தொலைபேசி வரவில்லை. அதற்காகக் காத்திருந்திருக்கிறேன் என்பதே எனக்குப் பிறகுதான் உறைத்தது. அழுகை வந்தது. கண்டி குட்ஷெட் நிலையத்தில் பஸ் ஏறி ஓடைக்குத் தனியே போனேன். செல்வம்மா கல்லில் துவைத்துக்கொண்டிருந்தார்.

"நானா வரலீங்களா?"

சொன்னேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எதிர்க்கரையையே பார்த்தபடி நின்றார். அங்கே மண் சரிந்து தண்ணீரில் விழுந்தது.

"அப்ப இனி அந்தப் பக்கத்துக்கு யாருங்க கேப்பா?"

"நான் கேக்கிறேன்" என்றேன். நானா எனக்கு விட்டுப்போனது அதுதான். இரண்டு பேராகக் கேட்டே கிடைக்காததை, இனித் தனியாளாகக் கேட்க வேண்டும்.