தூணுக்குள் இருந்த மனிதர்

அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைக்கும்போது எழுகிற அந்த வாடை எங்கேயாவது மூக்கில் ஏறினால் நான் இப்போதும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். வேடம், நாடகம் என்றால் மற்றப் பிள்ளைகளுக்குக் குதூகலம். எனக்கு மட்டும் நன்னிலத்துக்குக் கிழக்கே என் மாமாவின் ஊரில், ஒரு வைகாசி விடியலில், சனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் நினைவுக்கு வரும்.

நாங்கள் சீர்காழியில் குடியிருந்தோம். பள்ளிக்கூட விடுமுறைக்கு அம்மா என்னைத் தன் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனபோது எனக்குப் பத்து வயது இருக்கும். அந்த ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு எதிரே ஓட்டுக்கூரையும் பருத்த மரத்தூண்களுமாக ஒரு நாடகசாலை இருந்தது. மராட்டிய ராஜா காலத்துக் கட்டடம் என்று பெருமையடித்துக்கொள்வார்கள். ஆதாரம் கேட்டால் முறைப்பார்கள். வருஷம் முழுக்க வௌவாலுக்கு விட்டுவிட்டு, வைகாசியில் இரணிய நாடகத்துக்காக மட்டும் அதைத் திறப்பார்கள். வெளியூர்ப் பெண் என்ற சலுகையில் நான் பகலெல்லாம் அதற்குள் நுழைந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். மேடையில் மூங்கில் பிளாச்சின் மேல் காகிதம் ஒட்டிய ஒரு தூண் நின்றது. "நரசிம்மம் இதுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கும், எட்டிப் பார்க்காதே பாப்பா" என்று அரிதாரம் குழைத்துக்கொண்டிருந்தவர் அதட்டினார். உடனே எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு முக்காலி இருந்தது.

நரசிம்மத்தின் முகமூடியை ஊரில் "சாமி முகம்" என்பார்கள். கோயிலுக்குள் பெட்டியில் இருக்கும். அதற்குத் தனியாக நைவேத்தியம் உண்டு. அதைக் கட்டுகிறவர் சித்திரை பிறந்ததிலிருந்தே ஒருவேளைச் சாப்பாட்டோடு கோயில் மண்டபத்தில் படுத்து விரதம் இருக்க வேண்டும். கட்டியதும் ஆவேசம் வந்துவிடும். எதிரே நிற்கிற இரணியனை நிஜமாகவே கிழித்துவிடக்கூடும் என்று, அவர் இடுப்பில் நீளத்துணியைச் சுற்றி "பிடிகாரர்கள்" சிலர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருப்பார்கள். எப்போதோ ஒரு தடவை பிடி நழுவி ஒரு இரணியன் செத்தே போனதாகப் பேச்சு உண்டு, அதைச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை.

இரணியன் வேடம் என் மாமாவுக்குப் பரம்பரையாக வந்தது. சாமி முகம் கோவிந்தசாமி வீட்டுக்கு. மாமாவின் நிலத்தில் குத்தகைக்கு உழுதவர் அவர். முகம் கட்டுகிற வீட்டுக்குத்தான் அந்தக் குத்தகை என்பது முன்னோர்கள் வாய்வார்த்தையாகச் செய்துகொண்ட ஏற்பாடு. புது ஆட்சி வந்து, உழுகிற குத்தகைக்காரர் பெயரையெல்லாம் சர்க்கார் பதிவு செய்யப் போகிறது என்ற சேதி பரவியதும் மாமாவைப் போன்ற மிராசுதார்களுக்குத் தூக்கம் போய்விட்டது. பெயர் ஏறுவதற்குள் ஆளை இறக்கிவிடப் பார்த்தார்கள். மாசியில் களத்துமேட்டில் கைகலப்பாகி, மாமாவின் ஆட்கள் அடித்ததில் கோவிந்தசாமியின் தம்பிக்கு மண்டை உடைந்தது. குளக்கரையில் சிவப்புக்கொடி ஏறியது. நாங்கள் போய் இறங்கியபோது வாய்க்கால் வறண்டு, வயல் வெடித்துக் கிடந்தது. கிணற்றடியில் பெண்கள்கூடக் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள்.

"முகம் கட்டுனா நெலத்துல இரு. கட்டலைன்னா இறங்கிடு" என்று மாமா சொல்லியனுப்பியிருந்தார். அந்தக் கணக்கு எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. கட்டி, கை நீண்டால் போலீஸ் கேஸ். கட்டாவிட்டால் நிலம் போச்சு. கோவிந்தசாமியின் பங்காளிகளான பழைய பிடிகாரர்களை நிறுத்திவிட்டு, தன் அரிசி ஆலை ஆட்களை அந்த வேலைக்குப் போட்டார். அவர்களுக்கு மூட்டை பிடிக்கத் தெரியும், ஆவேசம் வந்தவரைப் பிடித்துப் பழக்கமில்லை.

அம்மா அழுதுவிட்டாள். "அண்ணே, இந்த ஒரு வருஷம் வேற யாரையாச்சும் கட்டச் சொல்லுங்க. பிள்ளைகுட்டிக்காரர் நீங்க."

"என் குத்தகைக்காரனுக்குப் பயந்துக்கிட்டு நான் கிரீடத்தைக் கழட்டி வைக்கணுமா?" என்றார் மாமா. வேடம் போடுவதற்கு முன்பே அவர் இரணியனாகிவிட்டிருந்தார். எனக்கு மாமா என்றால் உயிர். அவர் செத்துப்போகப் போகிறார் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

நாடகத்தின் பெரும்பகுதியைத் தூங்கியே கழித்த என்னைக் கீழ்வானம் வெளுக்கும் நேரத்தில் அம்மா உலுக்கி எழுப்பினாள். முன்வரிசையில் லத்தியோடு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தசாமியின் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலை ஆட்கள் துணியைத் தயாராகக் கையில் வைத்திருந்தார்கள். உன் நாராயணன் இந்தத் தூணில் இருக்கிறானா என்று மாமா கர்ஜித்தார். இருக்கிறான் என்றான் பிரகலாதன் வேடக்காரப் பையன். மாமா தூணை எட்டி உதைத்தார்.

காகிதம் கிழிந்தது. உள்ளே கோவிந்தசாமி முகம் கட்டாமல் நின்றார். ஈர வேட்டி, சாமி முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தார். விரதத்தில் கன்னம் ஒட்டிப்போன வெறும் மனித முகத்தை அந்த இடத்தில் பார்த்ததும் ஒரு பெண் வீறிட்டாள். சிங்கம் வந்திருந்தால் யாரும் அவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள்.

"ஐயா, இத்தனை நாள் விரதம் இருந்தும் கோவம் அடங்கலை" என்றார். "இந்த மனசோட சாமியைக் கட்டக்கூடாது. நெலத்த நீங்களே எடுத்துக்கங்க."

முகத்தைக் கோயில் பட்டாச்சாரியார் கையில் கொடுத்துவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே இறங்கிப் போனார். மாமா ஓங்கிய கதாயுதத்தோடு நின்றார். மத்தளம் நின்றுவிட்டது. இரணியன் சாகாமல் அந்த ஊரில் நாடகம் முடிந்ததே இல்லை. அன்று அவன் சாகாமலே சூரியன் கிளம்பிவிட்டது. சாகாத இரணியன் ஊருக்குள் இறங்கிவிட்டான் என்று தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிரீடமும் வியர்வையில் வழிகிற சிவப்பு அரிதாரமுமாக மாமா காலை வெளிச்சத்தில் வீட்டுக்கு நடந்தபோது, தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அவர் உயிரோடு இருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அவர் நீட்டிய கையைப் பிடிக்கத் தைரியம் வரவில்லை.

நிலம் மாமாவுக்கு வந்தது. நடவுக்கு உள்ளூர் ஆள் ஒருவரும் இறங்கவில்லை. வெளியூரிலிருந்து கூட்டிவந்தவர்களும் விஷயம் காதில் விழுந்ததும் பாதியில் கரையேறிவிட்டார்கள். சட்டப்படி போராடலாம் என்று கொடிக்காரர்கள் சொல்லியும், சாமி முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை என்று கோவிந்தசாமி மறுத்துவிட்டு, குடவாசல் பக்கம் கூலிக்குப் போய்விட்டார். இரணியனுக்குச் சாவு பகலும் இரவும் அல்லாத சந்திப்பொழுதில்தானே, மாமா அதன்பிறகு நன்றாக வெயில் ஏறாமல் வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை. விடிகாலையில் தண்ணீர் பார்க்கப் போகாத விவசாயி எத்தனை வருஷம் விவசாயி? கடைசியில் விற்றார்.

இப்போது அங்கே நாடகசாலை இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம், ஏசி வசதியோடு. வயல் மனைகளாகி, மஞ்சள் கற்கள் நட்டுக் கிடக்கிறது. மாமா காலமாகிவிட்டார். சாமி முகம் கோயிலில் எந்த அறையில் பூட்டியிருக்கிறது என்பதுகூட அங்கே பலருக்குத் தெரியவில்லை.

போன மாதம் குடவாசலில் மகள் வீட்டில் இருக்கிற கோவிந்தசாமியைத் தேடிப் போய்ப் பார்த்தேன். தொண்ணூறை நெருங்குகிறார், நான் இன்னார் வீட்டுப் பெண் என்றதும் அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார். இத்தனை வருஷமாக எனக்குள் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்: "அன்னைக்கு முகம் கட்டியிருந்தா எங்க மாமாவைக் கொன்னிருப்பீங்களா?"

தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

"தெரியலையேம்மா" என்றார். "கொல்ல மாட்டேன்னு தெரிஞ்சிருந்தா, கட்டிக்கிட்டு நெலத்த வச்சிருப்பேனே."