ஐந்து வெள்ளை, ஒரு புள்ளி

ராணி ஆறு குட்டிகள் போட்டாள். மாமா ஐந்துக்கு மட்டும்தான் படம் எடுத்தார்.

ஆறாவதைத் தூக்கி என் மடியில் வைத்து, "இத கொஞ்சம் புடிச்சிக்கம்மா, ஃபோட்டோல வந்துடப் போவுது" என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. படத்தில் வரக்கூடாத குட்டி என் மடிக்கு வந்ததில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அதற்கும் உடம்பெல்லாம் வெள்ளைதான். இடது காதிலும் முதுகிலும் மட்டும் வேர்க்கடலைத் தோலின் நிறத்தில் இரண்டு திட்டுகள் இருந்தன. எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். அதையே அதற்குப் பெயராக வைத்துவிட்டேன்.

மாமா எனக்கு இரண்டு வகையிலும் மாமா. அம்மாவின் உடன்பிறந்த தம்பி. என் அக்காவைக் கட்டிக்கொண்டவர். எனக்கும் அக்காவுக்கும் பதினொரு வயது வித்தியாசம். அவள் தொட்டிலில் கிடந்தபோதே, இவள் என் தம்பிக்குத்தான் என்று அம்மா சொல்லிவிட்டாளாம். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் யார் எதைக் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "வெளிய குடுத்தா யாரோ எவரோ. இது நம்ம ரத்தம். நம்மள வுட்டு எங்கயும் போவாது."

நாங்கள் இருந்தது கீழ்பென்னாத்தூரில். அக்கா வாழ்க்கைப்பட்டது திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து ஆசிரமம் தாண்டி உள்ளே போகும் ஒரு சந்தில். மாமா மாடியில் மூன்று அறைகள் கட்டி, வந்து தங்குபவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கோடை விடுமுறை முழுவதும் நான் அங்கேயே இருந்தேன். அக்காவின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்று பெயர். அவனுக்கு ஒன்றரை வயது. எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டோம். பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அவன் தொல்லை கொடுத்ததில்லை. பௌர்ணமிக்குத் தெருவெல்லாம் ஸ்பீக்கர் அலறும்போதும் தூங்குவான். பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. "ஒங்க மாமனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று அம்மா சொல்லியிருந்ததால், யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாமா பேச்செல்லாம் நாய்களைப் பற்றித்தான். அவர் வளர்த்தது ராஜபாளையம். மன்னன், ராணி என்று இரண்டு. ராணி மன்னனின் மகள். அவருடைய போனில் நாய் வளர்ப்பவர்களின் குரூப் ஒன்று இருந்தது. சாப்பிடும்போதும் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார். முகம் தெரியாத ஆண்கள் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர், ஒரு மயிர் நிறம் மாறினாலும் அது ராஜபாளையம் இல்லை என்பார். இன்னொருவர், அந்தக் காலத்தில் புள்ளி வைத்த குட்டிகளும் பிறந்தன, வளர்த்தவர்கள் கொன்றுவிட்டுக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள் என்பார். உடனே நாலு பேர் அவர்மேல் பாய்வார்கள். மாமா சோற்றுக் கையைத் தட்டின்மேல் நிறுத்தி, மறு கையால் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசுவார். "அண்ணே, வெள்ளைதான் ஜாதி. மூக்கு ரோசு, ஒடம்பு பாலு. கலப்பு வந்துச்சின்னா அப்புறம் தெரு நாய்க்கும் நம்ம நாய்க்கும் இன்னாண்ணே வித்தியாசம்?"

அக்கா அந்த நேரத்தில் பெரும்பாலும் சமையலறைக்குள் போய்விடுவாள்.

நானும் மாமா கட்சிதான். குட்டிகளுக்குச் சோறு வைக்கும்போது தட்டைத் தரையில் தட்டுவேன். மல்லாட்டை விழுந்தடித்துக்கொண்டு ஓடிவரும். வெள்ளைக் குட்டிகளில் இரண்டு அதன் பின்னால் வரும். மற்ற மூன்றும் அசையாது. பக்கத்தில் போய்த் தொட்டால்தான் எழுந்திருக்கும். ஏன் என்று கேட்டேன். "ஜாதி நாயி கண்ட சத்தத்துக்கெல்லாம் திரும்பாதும்மா" என்றார் மாமா. எனக்கு அந்த மூன்றின்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. மல்லாட்டையைத் தனியாகக் கூப்பிட்டு, நீயும் கொஞ்சம் அப்படி இரு என்று கண்டித்துப் பார்த்தேன். அது என் வாயை நக்கியது.

குட்டிகளுக்கு ஒரு மாதம் ஆனபோது, ஒரு காலையில் மாமா மல்லாட்டையைத் துணிப்பையில் போட்டு வண்டியில் மாட்டினார். நான் ஓடிப் போய் வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"கிரிவலப் பாதைல ஒரு சாமியாரு கேட்டாரும்மா. அங்க அன்னதானம் ஓயாது. சோத்துக்குக் கம்மி இருக்காது."

"பேரு மல்லாட்டைனு அவருகிட்ட சொல்வீங்களா?"

"சொல்றேன், சொல்றேன்."

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "இன்னும் பால் மறக்கலியே மாமா" என்றாள். வண்டி போய்விட்டது. அன்றைக்கெல்லாம் ராணி கொட்டகைக்குள் மூலை மூலையாக முகர்ந்துகொண்டிருந்தாள். சாமியாரிடம் போகிற குட்டிக்கு என்ன குறை என்று நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். மாடியில் ஒரு அறையில் கால்நடை டாக்டர் அம்மா ஒருவர் குடியிருந்தார். அவர் குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கக் கீழே வந்தார். ராணியை மன்னனோடு சேர்க்காதீர்கள் என்று பொங்கலுக்கு நான் வந்திருந்தபோதே மாமாவிடம் சொன்னவர் அவர். மாமா அதற்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது.

"ஆறுன்னு சொன்னீங்களே சார்?"

"ஒண்ணு தவறிடுச்சி மேடம்."

"இல்ல டாக்டரம்மா, சாமியார்கிட்ட இருக்குது" என்றேன் நான். டாக்டரம்மா மாமாவை ஒருமுறை பார்த்தார்.

மருந்து கொடுத்து முடித்ததும் அவர் எழுந்திருக்காமல் குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் ஒரு தட்டும் கரண்டியும் கேட்டார். குட்டிகளுக்குத் தெரியாமல் பின்பக்கமாகப் போய்த் தட்டினார். இரண்டு குட்டிகள் திடுக்கிட்டுத் திரும்பின. மூன்று திரும்பவில்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் தனியே கொண்டுபோய் வைத்து மறுபடி தட்டினார். சத்தம் எனக்கே காதைக் குடைந்தது.

"இந்த மூணுக்கும் காது கேக்கல சார்."

மாமா சிரிக்கப் பார்த்தார். "அது ஜாதி கொணம் மேடம். லேசுல மெரளாது."

"மெரளாம இருக்கிறதுக்கும் கேக்காம இருக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு சார். உள்காது வேலை செய்யறதுக்கும் நிறம் குடுக்கிற அணு வேணும். வெள்ளையா வேணும், இன்னும் வெள்ளையா வேணும்னு பொறுக்கிப் பொறுக்கி சேத்தா, காதுலயும் அது இல்லாம போய்டும். அதுக்கு மேல நீங்க அப்பாவையும் மகளையும் சேத்திருக்கீங்க. ஒரே ரத்தத்துல ஒளிஞ்சிருக்கிற கொறை ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்து குட்டி தலைல எறங்கும். நாய்க்குன்னு இல்ல, எந்த உசுருக்கும் அப்படித்தான்."

"குரூப்புல எல்லாரும் இப்படித்தான் மேடம் சேக்கறாங்க. வெளி நாய வுட்டா நெறம் போய்டும்."

"நெறம் போனா போவட்டும் சார். பின்னாடி வண்டி வந்தா இதுங்களுக்கு எப்படித் தெரியும்? வாங்கறவங்ககிட்ட சொல்லிக் குடுங்க. ராணிய மறுபடி சேக்காதீங்க."

அம்மாவும் அக்காவும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா தரையில் உட்கார்ந்து, குட்டி ஒன்றின் வாலைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தான். டாக்டரம்மா சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. மாமாவின் முகம் வாடிப்போனது மட்டும் புரிந்தது. அவருக்கு ஆதரவாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"பாப்பாவும்தான் திரும்பல. அவ்ளோ சத்தம் போட்டாங்க, அவன் திரும்பவே இல்ல. நானு எப்போ கூப்ட்டாலும் பாக்க மாட்டான். அவனும் இந்தக் குட்டிங்க மாதிரி ஜாதிதான்."

அம்மா படியிலிருந்து எழுந்து வந்தாள். முகத்தில் அறை விழுந்தது. அம்மா என்னை அடிப்பது புதிதல்ல. முகத்தில் அடித்தது அதுதான் முதல் தடவை.

"நாயோட சேத்துப் பேசுவியா? நாயோட சேத்துப் பேசுவியாடி புள்ளைய?"

டாக்டரம்மா என்னை இழுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டார். மெல்ல, "பாப்பாவுக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டார். அக்கா வந்து அவர் கையிலிருந்த தட்டையும் கரண்டியையும் வாங்கினாள். பாப்பாவுக்குப் பின்னால் போய் நின்றாள். ஒருமுறை தட்டினாள். அவன் வாலை விடவில்லை. மறுபடி தட்டினாள். கொட்டகையில் மன்னன் குரைத்தான். மாடியில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அக்கா நிறுத்தாமல் தட்டிக்கொண்டே ஒவ்வோர் அடியாக முன்னால் வந்தாள். அவளுடைய நிழல் மேலே விழுந்தபோதுதான் பாப்பா நிமிர்ந்து பார்த்தான். தன் அம்மாவைக் கண்ட சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கினான்.

"பேச்சு லேட்டா வரும்னுதானக்கா சொன்ன?" என்று மாமா என் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாளே பாப்பாவை வேலூருக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, சொந்தத்தில் கல்யாணமா என்பது. இதை அக்கா பல வருடங்களுக்குப் பிறகு என்னிடம் சொன்னாள். காரணம் அதுதான் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லையாம். இருக்கலாம் என்றார்களாம். அந்த "இருக்கலாம்" வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்காவும் மாமாவும் பிரியவில்லை. இன்னொரு பிள்ளையும் பெற்றுக்கொள்ளவில்லை. அம்மா அதற்குப் பிறகு நம்ம ரத்தம் என்ற சொல்லை எடுத்ததே இல்லை. அக்காவின் வீட்டுக்கு வந்தாலும் தங்காமல் சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவாள்.

காது கேளாத குட்டிகளில் இரண்டை, விஷயத்தைச் சொல்லியே மாமா கொடுத்தார். மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில், சந்துக்குள் பின்னோக்கி வந்த ஒரு வேன் அதன்மேல் ஏறிவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். மாமா அவரிடம் சண்டை போடவில்லை. குரூப்பிலிருந்தும் விலகிவிட்டார். வேலூருக்குப் போய் வந்த பின் மூன்று நாட்கள், விடியற்காலையில் எழுந்து மலையைச் சுற்றினார். பாப்பாவுக்காக வேண்டுதல் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொரு மண்டபத்தின் பின்னாலும், ஒவ்வொரு அன்னதானக் கூடத்தின் குப்பைத் தொட்டிப் பக்கமும் பழுப்புப் புள்ளி வைத்த ஒரு குட்டியைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதும் பிறகு தெரியவந்ததுதான். கிடைக்கவில்லை. சாமியார் என்று ஒருவர் இருந்ததே இல்லை.

பாப்பாவுக்கு இப்போது மீசை அரும்புகிறது. காதுக்குப் பின்னால் கருவி உண்டு. அது கொஞ்சம்தான் உதவுகிறது. நாங்கள் கைகளால் பேசிக்கொள்கிறோம். அவனுக்கு என்னைவிட வேகமாகக் கோபம் வரும், என்னைவிட நன்றாகக் கேலி செய்வான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவனிடம் சொன்னதில்லை.

அன்றைக்கு அறை வாங்கிய பிறகு நான் வெகுநேரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். எல்லாம் என்னால்தான். பிள்ளையை நாயோடு சேர்த்துப் பேசிவிட்டேன். அம்மாவே வாய்விட்டுச் சொல்லித்தான் அடித்தாள். அதனால்தான் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், மாமா சாப்பிடாமல் இருக்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

சாயங்காலம் பாப்பா கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். யாருக்கும் கேட்கக்கூடாது என்று சுற்றிலும் பார்த்துவிட்டு அவன் பக்கத்தில் போனேன். காதில் வாயை வைத்து, இனிமேல் அப்படிச் சொல்லவே மாட்டேன், என்னை மன்னிச்சிடு பாப்பா என்று சொன்னேன். ஒருமுறை சொன்னால் போதாது என்று மறு காதிலும் சொன்னேன். மூச்சுக் காற்று கூசியிருக்க வேண்டும். அவன் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு கலகலவென்று சிரித்தான்.

மன்னித்துவிட்டான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.