ஆர்மோனியம் வராத நாடகம்

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு நாடகப் பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லார் கையிலும் ஜெராக்ஸ் தாள். பிட்ச், டெம்போ, கியூ, கோரஸ்... நடிகரும் பாடகரும் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்களாம்!

"மேடம், இதுல எது ரொம்ப முக்கியம்?" என்றாள் ஒரு பெண்.

தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னேன் — பின்பாட்டு.

கூத்தில் முன்னால் ஆடுபவர் ஓர் அடியைப் பாடி விட்டதும், பின்னால் நிற்பவர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார். அதற்குள் ஆடுபவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் என் தலையெழுத்தை மாற்றியதே அதுதான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம். ரிஷிவந்தியம் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் எனக்குப் பாட்டுள்ள வேஷம். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த ஒரு தபாதான். சபையில மானம் போச்சுன்னா, பாட்டெல்லாம் மூட்டை கட்டிட்டு வூட்டோட கெடக்கணும்."

விழா அன்று மதியம் மூன்று மணி. எலவனாசூர்கோட்டையிலிருந்து ஆர்மோனியத்தோடு வரவேண்டிய பாயைக் காணோம். டோலக் வாசிக்கும் கோவிந்தன் மாமா மட்டும் வயல் வழியே நடந்து வந்தார். கூத்தில் அவர் பின்பாட்டுக்காரர்.

"பாய் எங்க மாமா?"

தலையைச் சொறிந்தார். "ரோட்லயே நிக்கிறாரு பாப்பா. வண்டி வர வழியில்ல... காலைல மறியலுக்கு மரத்த வெட்டிப் போட்டதே நாங்கதான். பாய் வரணுமேன்ற நெனப்பே இல்ல!"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆர்மோனியம் இல்லாமல் சுருதிக்கு எங்கே போவது? மேடையேறியதும் பயத்தில் எக்கச்சக்க உயரத்தில் பாட்டை எடுத்துவிட்டேன். இரண்டாவது அடி மேலே ஏறும்போது குரல் எட்டவில்லை. முன்வரிசையில் அப்பா!

பாதியில் நின்ற அடியைப் பின்னாலிருந்து ஒரு குரல் வாங்கிக்கொண்டது. கோவிந்தன் மாமா... சுருதியை நன்றாக இறக்கி, அதே அடியை மூன்று முறை பாடினார். மூன்றாவது முறை நானும் அந்தச் சுருதியில் சேர்ந்துகொண்டேன். அப்புறம் பாட்டு தடங்கலில்லாமல் ஓடியது. ஒத்திகை பார்த்துச் செய்ததாக நினைத்து ஊரே கை தட்டியது.

அப்பாவை ஏமாற்ற முடியுமா? நாடகம் முடிந்ததும் விறுவிறுவென்று வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மாமாவிடம் போனார்.

"ஏம்பா கோவிந்தா, அடுத்த நாடகத்துக்காவது ஆர்மோனியத்த மொதல்ல கொண்டாந்துட்டு, அப்பால மரத்த வெட்டு!"

அடுத்த நாடகம் — அந்த வார்த்தை போதாதா எனக்கு?